பிலோமினா சுற்றிவிட்ட துணி

போன வருஷம் தவக்காலத் தொடக்கத்தில் என் இரண்டு கைகளும் விழுந்துவிட்டன. மாதாவின் பிள்ளைகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை அங்கிருந்துதான் நான் சொல்லியாக வேண்டும்.

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் நான் நர்ஸ். ஊரையே அதட்டி ஊசி போட்டவள். கடல்பாசி எடுக்கிற பெண்கள் முங்கும்போது பாறையில் விரலைக் கிழித்துக்கொண்டு வருவார்கள். திட்டிக்கொண்டேதான் கட்டுப் போடுவேன். எனக்கு ஒன்றும் வராது என்ற நினைப்பு.

ஒரு காய்ச்சல் வந்து போனது. பிறகு கால் மரத்தது, கையும் மரத்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் நரம்பைத் தாக்கும் நோய் என்றார்கள். உயிர் தப்பினேன். கால்கள் மெல்லத் திரும்பின. கைகள் திரும்பவில்லை; தோளிலிருந்து கொஞ்சம் தூக்க முடிந்தது, விரல்கள் மடங்கவே இல்லை. வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வந்து எனக்குச் சோறு ஊட்டுவார். எத்தனையோ பேருக்கு ஊட்டியவள் நான், வாயைத் திறக்க வெட்கப்பட்டேன். யார் பார்க்க வந்தாலும் கைகளைப் போர்வைக்குள் மூடிவிடச் சொல்வேன். கை இல்லாத நர்ஸ் எதற்கு? "சேசுவே, கையைக் கொடு. இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்." வேறு செபம் எனக்கு வரவில்லை.

ஒருநாள் பிலோமினா வந்தாள். பாசி எடுக்கிறவள், அவள் பிரசவம் இரண்டும் நான் பார்த்தது. கடலிலிருந்து நேராக, ஈரத்தோடு வந்து நின்றாள். போர்வையை விலக்கினாள். "என்ன நர்சக்கா, கையை ஒளிச்சு வச்சிருக்க?"

"வெளங்காத கையைப் பாத்து என்ன செய்யப் போற? போடி."

அவள் போகவில்லை. பாறை கிழிக்காமலிருக்க இந்தப் பெண்கள் கடலில் இறங்குமுன் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வார்கள். தன் விரலில் இருந்ததை அவிழ்த்து அலசி, கஞ்சிக் கரண்டியை என் கையில் வைத்து, விரல்களோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள். "விரலு மடங்காட்டி துணி மடக்கும். நீ கையை மட்டும் தூக்கு."

கஞ்சியில் பாதி என் தாடையில் வழிந்தது. அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், நோய் வந்த பிறகு முதல் தடவையாக.

அதன் பிறகு பாசிப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி விரல்களை நீவி மடக்கி விடுவாள், இன்னொருத்தி செபமாலை சொல்லுவாள். செபமாலை முடிந்தால்தான் கையை விடுவார்கள். என்னை எடுத்துக்கொள் என்று கேட்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது.

பாஸ்கா திருநாள் கழிந்து சில மாதங்கள் ஓடின. விரல் நுனிகள் துடித்தன, ஆனால் எதையும் பிடிக்க வரவில்லை. அப்படி ஒரு மத்தியானம் பிலோமினா கையில் ரத்தம் ஊறிய துணியோடு வந்தாள்.

"கீறல்தான் நர்சக்கா."

"கீறலா? காட்டுடி இங்கன."

அவள் துணியை அவிழ்த்ததும் ரத்தம் பொங்கியது. கிழிந்த விரலோடு எனக்குக் கஞ்சி கொடுக்க வந்தாயா என்று நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நர்சக்கா, உன் கையைப் பாரு."

என் கட்டைவிரல் அவள் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நடுங்கியது, ஆனாலும் அழுத்தியது. ரத்தம் மட்டுப்பட்டிருந்தது. கையை எடுக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன். இடது சுண்டுவிரல் இன்னும் மடங்குவதில்லை, அது கிடக்கட்டும். நான் கேட்டது என் கையை. அதற்கு முன்பே ஆண்டவர் பிலோமினாவின் கையை அனுப்பியிருந்தார், நான்தான் போர்வைக்குள் ஒளிந்திருந்தேன். நீங்களும் எதையாவது மூடி வைத்துக்கொண்டு அழுகிறீர்களா? அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வருகிறவர்களை விரட்டாதீர்கள்.

பாசிக்குப் போகும் நாட்களில் விடிந்ததும் நான் கரைக்குப் போய்விடுவேன். பெண்கள் வரிசையாகக் கையை நீட்டுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி, நானே துணி சுற்றிவிடுகிறேன்.