பாகு முறிந்த வருஷம்

வீட்டுக்காரம்மாவின் மாட்டுக்கு எங்கள் வீட்டு அதிரசம் ரொம்பப் பிடிக்கும் என்பதை எட்டு வயதில் நான் கண்டுபிடித்தேன். அதுவரைக்கும் அந்த அதிரசத்தை வீட்டுக்காரம்மாதான் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ராஜபாளையத்தில், அவர்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர்களுடைய தறிக் கொட்டகையில்தான் அப்பாவுக்கு வேலை. புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்வார்கள். அம்மா வீட்டில் உட்கார்ந்து அதை வெட்டிச் சுருட்டிக் கொடுப்பாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அதற்கு முன்னால் நாங்கள் என்ன சாதி என்பதைத் தெரு மறக்கவில்லை. கிணற்றுக் கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. வீட்டுக்காரம்மாவே இறைத்து, எங்கள் குடத்தில் வாளி பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். அதில் அவருக்குத் தோள்வலி. அந்த வலியையும் எங்களிடம்தான் சொல்லி வருத்தப்படுவார். மற்றபடி நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஷாயம் போட்டு எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனவர்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா அதிரசம் சுடுவாள். எங்கள் சபைக்காரர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் பாகுப் பதம் பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். சுட்டதில் நல்லதாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கி, வாழை இலையால் மூடி, வீட்டுக்காரம்மாவுக்கு என்னிடம் கொடுத்துவிடுவாள். அவரும் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொள்வார்.

அந்த வருஷம் தட்டை வாங்கிவர மறந்து, திரும்பப் போனேன். வீட்டுக்காரம்மா தொழுவத்தில் நின்றார். விரல் படாமல் முந்தானையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, அதிரசத்தைக் கழுநீர்த் தொட்டியில் சரித்துக்கொண்டிருந்தார். மாடு தலையைத் தூக்கவே இல்லை. நான் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன்.

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை நிற்கவில்லை.

"தெரியும்ட்டி," என்றாள்.

"தெரிஞ்சுமா வருசா வருசம் குடுத்துவிடுத?"

"குடுக்கது நம்ம பாடு. பொறவு அதை என்ன செய்தாவன்னு நமக்கென்ன? யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

எனக்கு வீட்டுக்காரம்மா மேல் வந்த கோபத்தைவிட, அம்மாவை நினைத்து வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இப்படி ரோஷமில்லாத அம்மா உலகத்தில் எனக்கு மட்டும் வாய்த்திருக்கிறாளே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அவள் என்னைக் கூப்பிட வந்தால் இரண்டு எட்டு தள்ளியே நடந்தேன்.

மறு கிறிஸ்துமஸ் வந்ததும் தட்டைத் தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதட்டவில்லை. முதல் நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தாள். கடைக்காரர் தாளில் மடித்து, நூல் சுற்றி முடிச்சுப் போட்ட பொட்டலம். எங்களுக்கு அதில் ஒரு கிள்ளு கிடையாது. கடைப் பண்டத்துக்குத் தீட்டு இல்லை. முடிச்சு அவிழாத வரைக்கும் எங்கள் கை அதில் பட்டதாகவே ஆகாது. அது தெருவில் எல்லாரும் அறிந்த சட்டம்.

"வா, நானும் கூட வாரேன். இதைக் கொண்டுபோறதுல ஒனக்கு ஒரு வெக்கமும் வேண்டாம்," என்றாள். வீட்டுக்காரம்மாவுக்காக அம்மா இப்படி அலைந்திருக்கிறாளே என்று எனக்கு எரிந்தது. எனக்காக அலைந்தாள் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்காரம்மா வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார். அவருடைய மகளுக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, மார்கழி மாதமாயிற்றே என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, ஊருக்குத் திரும்புகிற வழியில் இங்கே இறங்கியிருந்தார். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையப் பேச்சு.

"கிறிஸ்மஸ் பண்டமா? கொண்டா, கொண்டா. எங்க ஊர்லயும் வேதக்காரவுக இருக்காக. அவுக குடுத்தா நாங்க மிச்சம் வைக்கமாட்டோம்," என்றார்.

"இங்க மட்டும் என்னவாம்? இவ அதிரசத்துக்கு வருசம் பூரா காத்துக்கெடப்போம்ல," என்றார் வீட்டுக்காரம்மா.

அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பொட்டலத்தை நீட்டினேன்.

"இது அம்மா கைபடாதது. முடிச்சுகூட அவுக்கல. அதிரசத்தை மாட்டுக்குப் போட்ட மாதிரி இதையும் போட்டுறாதீக."

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு திரும்பினார். "என்ன மதினி சொல்லுது இந்தப் புள்ள? வீடு தேடி வந்த பண்டத்தையா? இப்பத்தான காத்துக்கெடப்போம்னீக." அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. சம்பந்தம் பண்ணப்போகிற வீட்டை இன்னொரு தரம் பார்ப்பதுபோல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா பொட்டலத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன். பெரியவள் ஆன பிறகு அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் தனியாக இருந்தால்கூட முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்வேன்.

அப்போது அம்மா சிரித்தாள்.

"அது என் கூத்து ஆச்சி. போன வருசம் பாகு முறிஞ்சு அதிரசம் கல்லு கணக்கா ஆயிப்போச்சு. ஒண்ணும் குடுக்காம இருக்க மனசில்லாம குடுத்துட்டு, பொறவு நான்தான் ஓடியாந்து, திங்காதீக, பல்லு போயிரும், மாட்டுக்கு வச்சிருங்கன்னு சொன்னேன். அதை இவ பாத்துட்டு ஒரு வருசமா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியுதா. அதான் இந்த வருசம் கடைப் பண்டமே எம்புட்டோ மேலுன்னு வாங்கியாந்துட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்புத் திரும்பிவிட்டது. "ஒரு அதிரசம் சுடத் தெரியாதா ஏட்டி ஒனக்கு? கல்யாணத்துக்கு எங்க ஊருக்கு வா. எம் மருமகளுக்குச் சொல்லிக் குடுக்கையில ஒனக்கும் சேத்துச் சொல்லித் தாரேன்."

"வாரேன் ஆச்சி," என்றாள் அம்மா.

வீட்டுக்காரம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. மறுத்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில், "கிறிஸ்மஸ் அன்னைக்குப் பொய் சொல்லிட்டியே," என்றேன்.

"ஆமா," என்றாள்.

"அவியதான தப்புப் பண்ணுனாவ?"

"அந்தக் கல்யாணப் புள்ள கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சே, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மாவைத் தவிர வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

விஷயம் தெருவில் பரவி, சபைக்கும் போய்விட்டது. பாகை முறித்தவள் என்று அம்மாவைக் கேலி பேசினார்கள். அடுத்து வந்த ஒரு கல்யாண வீட்டில் பதம் பார்க்க வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அம்மா அங்கே பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலம்தான். விளக்குப் பொருத்தியதும் வழக்கமாக அப்பா ஜெபம் பண்ணுவார். அன்றைக்கு அம்மா, "நான் பண்ணுதேன்," என்று முழங்கால் போட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஆண்டவரிடமாவது அம்மா உள்ளதைச் சொல்லுவாள், வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு முறையீடாவது வைப்பாள் என்று நம்பினேன்.

முதலில் தான் சொன்ன பொய்யை மன்னிக்கச் சொன்னாள். பிறகு என் மனசு ஆறவேண்டும் என்று கேட்டாள். பிறகு வீட்டுக்காரம்மாவின் பெயரைச் சொன்னாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தை மாதம் அவர் மகள் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கவேண்டும், அவருக்கு எங்களைக் கண்டு கூச்சம் வராமல் இருக்கவேண்டும் என்று அம்மா கேட்டாள்.

அப்பா ஆமென் என்றார். நான் சொல்லவில்லை. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழுந்து சோறு போடப் போனாள். வீடும் அப்பாவின் வேலையும் போய்விடுமோ என்று பயந்துபோன ஒருத்தியின் ஜெபமாகத்தான் அது அன்றைக்கு என் காதில் விழுந்தது.