பாதாளம் படித்த பன்னிரண்டு காலங்கள்

அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தில் தினமும் மேலே போகிறவர்கள் ஆயிரம் பேர். கீழே போகிறவர் ஒருவர்தான். லிஃப்ட் வந்து நிற்கும் கடைசித் தளத்துக்கும் அடியில், எண்ணெய்ப் பிசுக்கும் செத்த பூச்சிகளுமாக ஒரு குழி உண்டு. நான்கு லிஃப்டுக்கு நான்கு குழி. இருபத்திரண்டு வருடமாக அவற்றில் இறங்கி ஏறியதில், பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் தேய்ந்துபோய், பாதாளம் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் பழைய பெயர் இருந்தது. ஒருமுறை அவரே அதைப் பார்த்துவிட்டு, யாருடையதோ தவறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனாராம்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. முழங்கால்களுக்கு அறுபத்தொன்பது இருக்கும். இரும்பு ஏணியில் கால் வைத்ததும் அவை போடும் சத்தத்தில் குழியிலிருக்கும் எலிகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். ஆகவே அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது: தலைமை மெக்கானிக்கின் நாற்காலி. கைப்பிடி வைத்தது, தலைக்கு மேலே ஃபேன். அதில் உட்கார்ந்தவர் குழியில் இறங்க வேண்டாம். இறங்கியவர்கள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். பழைய தலைமை மெக்கானிக் ஓய்வு பெற்றார். அடுத்தது பாதாளம்தான் என்பது எலிகளுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்துக்கு ஞானோதயம் உண்டாயிற்று. லிஃப்டுகள் இத்தனை காலம் தமிழில் ஏறி இறங்கியது போதும், இனிமேல் பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சும்மா இரண்டு வார்த்தை கிறுக்கினால் ஆகாது. முழு வாக்கியம் வேண்டும்; காலம் பிசகக் கூடாது. மூன்று மாதத்தில் தேர்வு. தேறியவருக்கு நாற்காலி. தேறாத மூத்தவருக்கு ‘இலகுவான பணி’, அதாவது கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று விசில் ஊதுவது. இலகு யாருக்கு என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை.

போட்டிக்கு நின்ற இன்னொருவர் அதே கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். வயது முப்பத்தொன்று, பட்டப்பெயர் ஃபியூஸ். அவர் தும்மினால்கூட ஆங்கிலத்தில்தான் தும்முவார். “ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே, விசில் ஊதுறதுக்கு இங்கிலீஷ் வேண்டாம்” என்று பாதாளத்துக்கு ஆறுதலும் சொன்னார். நல்ல மனசு.

அந்தக் கட்டடத்தில் பதிவேடு எழுதும் முறையையும் சொல்லியாக வேண்டும். காலை எட்டரைக்கு வருவார்கள். டீ வருவதற்குள் அன்றைய நாள் முழுவதையும் எழுதி முடித்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குக் கதவுகள் பார்த்தாயிற்று. பன்னிரண்டு மணிக்கு பிரேக் பார்த்தாயிற்று. மூன்று மணிக்கு அபாய மணி அடித்துப் பார்த்தாயிற்று, நன்றாக உள்ளது. அப்புறம் டீ. அப்புறம், நேரம் இருந்தால், வேலை. இதைப் பொய் என்று ஒருவரும் நினைத்ததில்லை. சுறுசுறுப்பு என்று நினைத்தார்கள். குளியலறைக்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று போனில் சொல்கிற ஜனங்களுக்கு இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. பாதாளமும் இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் எழுதினார், அழகான கையெழுத்தில்.

டயர் கடை மாடியில் நடந்த ஓர் ஆங்கில வகுப்பில் பாதாளம் சேர்ந்தார். ரப்பர் வாசனை, எழுதுபலகை வைத்த நாற்காலிகள், இருபத்தாறு வயதில் தொண்டை கட்டிப்போன ஒரு டீச்சர். முதல் நாளே சுவரில் ஒரு படத்தை மாட்டினார். ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களுக்குப் பன்னிரண்டு கட்டம். நேற்று, இன்று, நாளை என்று மூன்றோடு திருப்தியாக வாழ்ந்துவந்த பாதாளத்துக்கு அதைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒரு காரியத்தைச் செய்வதைவிட, அது முடிந்ததா, முடிந்துகொண்டிருக்கிறதா, முடிந்துகொண்டிருந்தபோது வேறொன்று முடிந்துவிட்டதா என்று விசாரிப்பதிலேயே ஆயுளைக் கழிப்பார்கள் போலிருக்கிறது.

விடுவாரா? மூன்று லிஃப்ட், லிஃப்டுக்கு நான்கு தளம் என்று கட்டங்களை மனதில் வரைந்துகொண்டார். ‘ஹேட் பீன்’ என்பது குழிக்குள் இன்னொரு குழி. ‘வில் ஹேவ் பீன்’ மொட்டைமாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியில். படம் பிரமாதமாக வந்தது. டீச்சர் கேள்வி கேட்டால் மட்டும் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிடும்.

ஒரு மாதம் இப்படிப் போன பிறகு டீச்சர் படத்தைக் கழற்றி வைத்துவிட்டார்.

“சார், மனப்பாடம் வேண்டாம். உங்களுக்குக் கைதான் முதல்ல புரிஞ்சுக்குது. ஒரு வேலையைச் செய்ங்க. செஞ்சு முடிச்சதும் சொல்லுங்க. செய்யாம எதையும் சொல்லாதீங்க.”

“செய்யாம சொல்லவே கூடாதுங்களா டீச்சர்?”

“கூடாது.”

பாதாளம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். திரும்பி நின்று யோசித்தார். “ஐ... குளோஸ்டு... த விண்டோ.”

வகுப்பே கைதட்டியது. அவர் மீண்டும் திறந்தார், சாத்தினார், திறந்தார். அன்று மாலை அந்த ஜன்னல் பட்ட பாட்டில் கொக்கி கழன்று டயர் கடைக்காரர் தலையில் விழுந்தது. “இட் ஃபெல்” என்றார் பாதாளம். அதுவும் சரியான காலம்தான். டயர் கடைக்காரர் பதிலுக்குச் சொன்னதில் காலமே இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஆங்கிலம் வரத் தொடங்கியது. ஆனால் செய்து முடித்த கையோடு மட்டுமே வந்தது. வீட்டில்தான் வம்பு. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். போனில் ஒரு வாடிக்கைக்காரியிடம், “உங்க பேன்ட்டா, தைச்சாச்சு, அயர்ன் மட்டும் பாக்கி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேன்ட் துணி வாங்கிய பையிலேயே, பிரிக்காமல், அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் வெட்டவே இல்லையே, அதுக்குள்ள எப்படித் தைச்சாச்சு?” என்றார் பாதாளம்.

மனைவி போனை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வெட்டலைன்னு சொன்னா அவ வேற கடைக்குப் போயிடுவா. தைச்சாச்சுன்னு சொன்னாத்தான் எனக்கே தைக்கணும்னு தோணும்.”

“இங்கிலீஷ்ல அப்படிச் சொல்ல முடியாது தெரியுமா?”

“அதான் அவங்களுக்கெல்லாம் துணி ரெடிமேடா வருது. ஏங்க, உங்களுக்கு இங்கிலீஷ் இன்னும் வாய்க்குள்ள வரல, அதுக்குள்ள தமிழ் வெளிய போயிடுச்சே. சாப்பாடு ஆச்சு, வாங்க.”

அடுப்பை இன்னும் பற்றவைத்திருக்கவில்லை. பாதாளம் போய்த் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் எந்தக் காலத்தில் பேசக் கூடாது என்பதை அவர் இலக்கணம் இல்லாமலேயே கற்றிருந்தார்.

தேர்வு நாள் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேள்வித்தாள் எதுவும் கிடையாது. இருவரும் அன்றைய பதிவேட்டை ஆளுக்கொரு தாளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அவர் திருத்துவார். ஐம்பது மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. சொல்லிவிட்டு மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஃபியூஸ் ஒன்பது பத்துக்கு எழுதி முடித்தார். காலையிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு நாள் முழுவதும், ஒரு பிழை இல்லாமல். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

பாதாளமும் எழுதத்தான் உட்கார்ந்தார். பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார், வரவில்லை. செய்யாத வேலைக்கு அவரிடம் ஆங்கிலமே இல்லை. டீச்சர் பழக்கிவிட்ட பழக்கம் அப்படி. வேறு வழியில்லாமல் எழுந்து போய் முதல் லிஃப்டின் கதவைப் பார்த்தார். ஓடி வந்து எழுதினார். குழியில் இறங்கினார்; ஏறி வந்து எழுதினார். மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைப் பார்த்தார். பதினான்கு மாடி கீழே வருவதற்குள் வினைச்சொல் மறந்துவிடுமோ என்று லிஃப்டுக்குள் முணுமுணுத்தபடியே வந்தார். உடன் வந்தவர்கள் பிரார்த்தனை என்று நினைத்து, தாங்களும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மணி சுமாருக்கு மூன்றாவது லிஃப்டில் அபாய மணியை அழுத்தினார். சத்தமில்லை. மீண்டும் அழுத்தினார். இல்லை. என்றைக்குச் செத்ததோ, அந்த மணி ஊமையாகக் கிடந்தது. பதிவேட்டில் மட்டும் தினமும் மூன்று மணிக்குக் கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

வந்து உட்கார்ந்தார். இதற்கு வகுப்பில் வாக்கியம் சொல்லித் தரவில்லை. பதிவேட்டிலும் முன்மாதிரி கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் அதற்குள் ‘இல்லை’ என்ற சொல் நுழைந்ததே இல்லை. நாற்பது நிமிடம் போராடினார். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. கடைசியில் ஒன்பது ஆங்கில வார்த்தைகள் எழுந்து நின்றன. தமிழில் சொன்னால்: மூன்றாவது லிஃப்டின் மணியை அழுத்தினேன், அது அடிக்கவில்லை.

மேனேஜர் அந்தப் பக்கம் வந்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னப்பா இது? இந்த வரியை அடிச்சிடு. பெல் நல்லாருக்குன்னு எழுது. நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்.”

“நாளைக்குத்தானே சார் நல்லாருக்கும்?”

“விசில் வேணுமா, நாற்காலி வேணுமா? பிரச்சினைன்னு எழுதினவனைத் தூக்கி அந்தம்மா நாற்காலியில உக்கார வைப்பாங்களா?”

நியாயமான கேள்வி. பாதாளம் ஸ்கேலை எடுத்தார். அடித்துவிடுவது என்றுதான் முடிவு செய்தார். அவரை அரிச்சந்திரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, பேனாவைத் தூக்கி, அந்த ஒன்பது வார்த்தைகளையும் ஒருமுறை பார்த்தார். பிரசவித்த தாய் பார்ப்பதுபோல் பார்த்தார். பேனா இறங்கவில்லை.

“சார், இதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு” என்றார். “இதை அடிச்சிட்டு இன்னொண்ணு எழுத என்கிட்ட இங்கிலீஷ் இல்ல.”

ஐந்து மணிக்கு அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். ஃபியூஸின் தாளில் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. பாதாளத்தின் தாளில் பதினேழு இடத்தில் வட்டம் போட்டதில் அது அம்மை வார்த்ததுபோல் ஆயிற்று. மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார். அம்மா மட்டும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மூணு மணிக்கு மூணாவது லிஃப்ட் பெல் நல்லா அடிச்சதுன்னு இவர் எழுதியிருக்கார். அடிக்கலைன்னு அவர் எழுதியிருக்கார். ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துலதானே இருக்கீங்க?”

எழுந்து போய் அவரே அழுத்தினார். மணி தன் பழக்கத்தை அவருக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

“நீங்க இதை எத்தனை மணிக்கு எழுதினீங்க?” என்று ஃபியூஸைக் கேட்டார்.

“காலைல ஒன்பது பத்துக்கே முடிச்சிட்டேன் மேடம்” என்றார் ஃபியூஸ், பரிசு வாங்க வந்தவர் மாதிரி. “எப்பவும் அப்படித்தான். ஒரு நாளும் பாக்கி வச்சதில்ல.”

மேனேஜர் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க பதிவேடு என்னைக்குமே லேட்டானதில்ல மேடம். வேணும்னா நீங்களே பாருங்க” என்று பெரிய புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

அம்மா பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் அடுத்த பக்கத்தையும் புரட்டினார். அன்று தேதி பன்னிரண்டு. மேனேஜர் மறுநாள் முதல் விடுப்பில் போவதாக இருந்ததால், மாதக் கடைசி வரை எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தார். முப்பதாம் தேதி மூன்று மணிக்கும் மணி நன்றாகத்தான் அடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாதாளத்துக்கு நாற்பத்தொரு மதிப்பெண், தேறவில்லை. முழு மதிப்பெண் வாங்கியவருக்கு நாற்காலியைக் கொடுக்கத் தலைமை அலுவலகத்துக்குத் தைரியம் இல்லை. இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதற்குத்தானே தலைமை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பாதாளம் ‘தற்காலிகத்’ தலைமை மெக்கானிக். ஆங்கிலம் தேறும்வரை வகுப்புக்குப் போக வேண்டும். கூடவே ஒரு வரி: பதிவேட்டில் உள்ள ஒவ்வொன்றையும் நேரில் பார்த்த பிறகே தலைமை மெக்கானிக் கையெழுத்திட வேண்டும். மேனேஜரின் விடுப்பை மட்டும் யாரும் கேட்காமலே நீட்டித்துக் கொடுத்தார்கள்.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, “பாஸ் ஆகாதவருக்குப் பதவி, பாஸ் ஆனவருக்கு ஒண்ணுமில்லையா? நல்ல படிப்புதான்” என்றார்.

நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. ஃபேனும் சுற்றியது. பாதாளம் முதல் நாள் காலை அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மூன்றரைக்கு ஃபியூஸ் பதிவேட்டோடு வந்தார்.

“அண்ணே, எல்லாம் பார்த்துட்டேன், அப்புறம்தான் எழுதினேன். சத்தியமா. கையெழுத்து மட்டும் போடுங்க.”

பாதாளம் பேனாவை எடுத்தார், வைத்தார். டார்ச் லைட்டை எடுத்தார்.

“வா, குழியைக் காட்டு.”

“என்னண்ணே, என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உன் மேல இருக்கு தம்பி. எழுதின கையை நம்ப முடியல. இருபத்திரண்டு வருஷம் நானும் சத்தியமாத்தான் எழுதினேன்.”

நான்கு குழி, இனி தினமும். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை இறங்கினால் அதிகம். அவர் ஏணியின் முதல் படியில் காலை வைத்தார். முழங்கால்கள் ஏதோ சொல்லின. எந்தக் காலத்தில் சொல்லின என்று அவர் ஆராயவில்லை. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினார்.