சின்னப்பாப்பா லாரி

எழுபத்தாறாம் வருஷம் அப்பாவுக்கு லாரி ஓட்டும் லைசென்ஸ் கிடைத்தது. அதுவரை அவர் பஞ்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பஞ்சு பேல்களைப் பிரித்து இயந்திரத்தில் போடுகிற வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, ராத்திரியெல்லாம் இருமுவார். இன்னும் இரண்டு வருஷம் அங்கே நின்றால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில்லில் சரக்கு ஏற்ற வரும் லாரிகளை கேட்டுக்குள் பின்னால் எடுத்து நிறுத்தி நிறுத்தித்தான் அப்பா ஓட்டப் பழகினார். அம்மாவின் அப்பா யூஜின் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் லைசென்ஸ் என்று சொல்லவே மாட்டார். "சவரிராயனுக்குப் பெர்மி வந்துடுச்சி" என்று புதுச்சேரியில் நாங்கள் இருந்த உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அதே வாரத்தில் வேலையும் வீடு தேடி வந்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பெரிய லாரி கம்பெனியிலிருந்து, மேனேஜர் இராமதாஸ் ஸ்கூட்டரில் வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பம்பாய் லைனு சவரிராயன். புது வண்டி, பெயின்ட் வாசனகூட போகல. காக்கி டிரஸ்சு நாங்களே தெச்சிக் குடுப்போம். பேட்டா மத்தவன் குடுக்கறதவிட ஒரு பங்கு மேல. திங்கக்கெழம வந்து சாவிய வாங்கிக்க."

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அதுவரை விழுப்புரத்தைத் தாண்டிப் போனதில்லை. பம்பாய் என்ற சொல்லே அவருக்குக் கப்பலில் ஏறிப் போகிற தேசம் மாதிரி இருந்தது. மேனேஜர் போனதும் பிரிட்டானியா பிஸ்கட் தட்டில் மிச்சமிருந்ததை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நண்பர்களிடம் சொல்லக் கிளம்பினார்.

அம்மா தடுக்கவில்லை. வாசல் வரை வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பத்து வருஷம் ஓட்டுனவங்க ஊர்ல இருக்காங்களே. நேத்து லைசென்ஸ் வாங்குன உங்களுக்குப் புது வண்டி எதுக்குத் தராங்க?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வி தன் வாயில் ஏன் வரவில்லை என்று அப்புறம் பல வருஷம் சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவுக்கு மாதா கோவிலில் பழக்கமான ஒருத்தி மூலமாக, அந்தக் கம்பெனியில் ஓட்டிய பாவாடை என்பவரின் வீடு குருசுக்குப்பத்தில் இருப்பது தெரியவந்தது. மறுநாள் சாயங்காலம் அம்மா அங்கே போனாள். பாவாடையின் மனைவி கன்னியம்மாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்ன விஷயம் என்று அம்மா சொன்னதும், முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவுரு ஓட்டுனதும் புது வண்டிதான் அக்கா. மலப்பாதையில பிரேக் புடிக்கல. எதிர்ல வந்த வண்டியில ஒருத்தரு செத்துட்டாரு. அந்த ஊரு ஜெயில்ல ஒரு மழைக்காலம் பூரா கெடந்தாரு. பாஷ தெரியாது. கம்பெனிலேருந்து ஆள் போச்சி, வண்டிய மீட்டுக்கினு வந்துட்டாங்க. ஆள மீட்கல."

"இப்ப எங்க அவுரு?"

"கடலுக்குப் போறாரு. ஸ்டேரிங்க தொட மாட்டன்னுட்டாரு."

அம்மா திரும்பி வந்து ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அப்பா காலையில் எழுந்து இராமதாஸைப் பார்த்து, எனக்கு அவ்வளவு தூரம் தோதுப்படாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் புது வண்டி ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததாம். அதைத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் கஷ்டமாக இருந்தது என்பார்.

அதன் பிறகு வேலை கிடைப்பது சுலபமாக இல்லை. புது டிரைவர் என்றதும் கையை விரித்தார்கள். கடைசியில் ரெட்டியார்பாளையத்தில் ஒரு அம்மா இரண்டு லாரி வைத்திருக்கிறாள், ஒரு டிரைவர் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனார். அவள் பேர்தான் சின்னப்பாப்பா. புருஷன் இறந்ததும் லாரிகளை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, விற்காமல் தானே நடத்த ஆரம்பித்தவள். லாரி நெற்றியில் அவள் பேரை அந்த மனுஷர் உயிரோடிருந்தபோதே எழுதிவைத்திருந்தார்.

அப்பா போனபோது அவள் ஷெட்டில் நின்று, டயருக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. அப்பா வேலை கேட்டார். கேட்ட கையோடு, வண்டியைப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

"பாரு. ஒனக்கு யாரு வேணான்னா?"

அப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். பழைய வண்டி. ஆனால் பிரேக் லைனிங் புதிது, ஸ்டெப்னி டயரும் நல்ல நிலையில் இருந்தது. தார்ப்பாயில் ஒட்டுப் போட்டிருந்தாலும் ஓட்டை இல்லை. வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, பாவாடை கதையைக் கேட்டதிலிருந்து மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அம்மா, நான் புதுசு. எங்கனா வண்டி மோதிப் போச்சின்னா யாரு வருவாங்க?"

காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வேலைக்குச் சேரும் முன்னாலேயே யாரும் அப்படிக் கேட்பதில்லை. சின்னப்பாப்பாவுக்கும் முகம் மாறியது.

"இன்னாப்பா இது, வரும்போதே மோதறத பத்திப் பேசற?"

"கேட்டுக்கறது நல்லதுன்னுதான்."

"நான்தான் வருவேன். எனக்கு வேற ஆளு யாரு இருக்காங்க?" என்றாள். பிறகு சாவியை எடுத்து நீட்டினாள். "நீ என் வண்டிய பாத்துட்ட. நான் ஒன் ஓட்டத்த பாக்க வேணாமா?"

அவளும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வில்லியனூர் வரை போய்த் திரும்பினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை லாரி கேபினில் உட்கார்ந்து போவதை ரோட்டில் எல்லாரும் நின்று பார்த்தார்களாம். ஓரிடத்தில் மாட்டுவண்டி ஒன்று நடுரோட்டில் போனது. அப்பா ஹார்ன் அடிக்காமல் பின்னாலேயே மெதுவாகப் போய், இடம் வந்ததும் தாண்டினார். இறங்கும்போது அவள், "தூக்கம் வந்தா ஓரங்கட்டிட்டுத் தூங்கு. சரக்கு லேட்டானா நான் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பேட்டா மற்ற இடத்தைவிடக் கம்மிதான். அதையும் அவளே முதலில் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு அப்போதும் சமாதானமாகவில்லை. தானும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெட்டியார்பாளையம் போனாள். மத்தியானம் தாண்டித்தான் வந்தாள். அப்பா தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பேசுன?"

"வேல பத்தி ஒண்ணும் பேசல. சுறாப் புட்டு எப்படி செய்யறதுன்னு கேட்டாங்க, அவங்களுக்கு ஆசையாம். சொல்லிக் குடுத்தேன். நீங்க அங்கயே சேந்துடுங்க."

அப்பா பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டினார். போகும்போது பெங்களூருக்குத் துணி பேல். அங்கிருந்து தாவணகெரே போய், பஞ்சு ஏற்றிக்கொண்டு புதுச்சேரி வருவார். எந்த மில்லில் பேல் பிரித்தாரோ அதே மில்லுக்கு லாரியோடு போய் நிற்பார். கேட்டில் பழைய கூட்டாளிகள் "வாங்க டிரைவர் சார்" என்று கேலி செய்வார்கள். இருமல் மெல்ல மெல்ல நின்றுபோனது. வீட்டுக்கு வரும் நாளில் சட்டையில் டீசலும் புளித்த மோரும் கலந்தமாதிரி ஒரு வாசனை இருக்கும். பையில் எங்களுக்கு வெண்ணெய் பிஸ்கட், அம்மாவுக்கு ஒரு முழம் கனகாம்பரமாவது இருக்கும். குளித்துவிட்டு என்னையும் தங்கையையும் பீச்சுக்குக் கூட்டிப்போவார். லாரி ஓட்டாத நாளிலும் சாலையைக் கடக்க எங்களுக்குக் கையைக் காட்டி சிக்னல் போடுவார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கைதான்.

எழுபத்தொன்பதில் அது நடந்தது. ஹிரியூர் பக்கம் விடியற்காலைப் பனியில், விளக்கில்லாமல் வந்த மாட்டுவண்டியின் மேல் லாரி உரசிவிட்டது. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது. அப்பா ஓடவில்லை. அவரைத் தூக்கி லாரியிலேயே கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்த ஒரு போலீஸ்காரர் இரக்கப்பட்டு, ரெட்டியார்பாளையத்தில் சின்னப்பாப்பா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தார். அப்பா சேதியைச் சொன்னார். அந்தப் பக்கம் கேட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, லைன் அறுந்துபோனது.

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷன் வாசலில் சின்னப்பாப்பா நின்றாள். கையில் மஞ்சள் பை, காலெல்லாம் புழுதி. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மூன்று பஸ் மாறி, ஊர் பேரை மட்டும் சொல்லிச் சொல்லியே வந்திருக்கிறாள். ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வண்டிக்காரர் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் பேசப் பாஷை இல்லை. சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வக்கீல் பிடித்து, ஜாமீன் எடுத்து, அப்பாவை வெளியே கொண்டுவந்தாள்.

லாரிக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பா சாவியை அவளிடம் நீட்டினார். "வேற ஆள வெச்சி எடுத்துனு போய்டலாம்மா" என்றார்.

"ஏறு. இப்ப நீ ஓட்டலன்னா இனிமே ஓட்ட மாட்ட. நான் பக்கத்துல குந்திக்கறேன்."

பெங்களூர் வரைக்கும் அவள் வேண்டுமென்றே பேசிக்கொண்டே வந்தாளாம், தன் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர்கள் சண்டை போட்டதிலிருந்து. வண்டி ஒரே சீராகப் போக ஆரம்பித்தபிறகு தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்த அன்று அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

எண்பத்தேழில் சின்னப்பாப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனது. ஷெட்டுக்கு நடந்துவர முடியவில்லை. லாரிகளை விழுப்புரத்தில் ஒருவருக்கு விற்றாள். அப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூட வேனில் வேலை சொல்லி வைத்துவிட்டுத்தான் விற்றாள். கடைசியாக வண்டியைக் கொண்டுபோய்ச் சாவியை ஒப்படைத்துவிட்டு, அப்பா பஸ் ஏறி வந்தார். அம்மா சோறு போட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஜன்னலோரம் எடம் கெடச்சிது ரோசா. கண்டமங்கலத்துலேருந்து ரோட்டு ரெண்டு பக்கமும் எத்தினி புளியமரம் தெரியுமா. இத்தினி வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

"ரோட்டப் பாத்து ஓட்டியிருக்கீங்க, அதான்" என்று அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.