சொட்டு அக்காவின் அரை மணி நேரம்

"மூடுங்க. மூடிட்டீங்களா? திருட்டுத்தனமா ஒரு கண்ணைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே சொட்டு அக்கா, மூன்றாவது நாற்காலிக்காரரின் கையிலிருந்து செல்போனை உருவி அவர் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுவிடுகிறார். கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்து விடுவது அவர் வேலை. விட்டால் அரை மணி நேரத்துக்குக் கண்ணை மூடியிருக்க வேண்டும். திறந்தாலும் எழுத்து கலங்கும். வேறு வழியில்லாமல் மனிதர்கள் பேசுவார்கள். பதினெட்டு வருடமாக அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. அவரைவிட மூத்தவர்களும் அவரைச் 'சொட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். "இங்க வாங்க, காத்து நல்லா வரும்" என்பார். மின்விசிறி எல்லா நாற்காலிக்கும் ஒரே மாதிரிதான் சுற்றும். ஒருமுறை, எரிந்து விழும் லாரி ஓட்டுநர் ஒருவரை, கார் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டே கியர் மாற்றிப் பழகினார்கள்.

"சாப்பிட்டாச்சான்னு கேட்டா 'ம்'னு முடிஞ்சுடும். யார் சமைச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க, குடும்பமே வெளியே வரும்" என்பது அவர் கணக்கு. கேட்டதை மறக்கவும் மாட்டார். ஆறு மாதம் கழித்து வந்த ஒருவரிடம், "மாமியார் இன்னும் உப்பை அள்ளித்தான் கொட்டறாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். மாமியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அன்றைக்கு டாக்டர் கூப்பிட்டு எச்சரித்தார்: "இன்னொரு புகார் வந்தா உங்களைக் கோப்பு அறைக்கு மாத்திடுவேன்."

அந்த எச்சரிக்கையின் சூடு ஆறுவதற்குள்தான் ஒரு அண்ணன் தம்பி விஷயத்தில் தலையிட்டார்.

அண்ணன், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. துணைக்கு ஆள் வராமல் அறுவை சிகிச்சை கிடையாது. 'உடன் வருபவர்' என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று இரண்டு முறை முத்து முத்தாக எழுதித் தேதியை இழந்தார். மூன்றாவது முறை எழுத வேண்டிய கோடே அவருக்குத் தெரியவில்லை. தம்பி, சர்க்கரை நோய்க்காக வருடா வருடம் கண்ணைக் காட்ட வருபவர். இருவர் படிவத்திலும் ஒரே அப்பா பெயர். இருவர் முகத்திலும் ஒரே மூக்கு.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று தம்பியைக் கேட்டார் சொட்டு அக்கா.

"ஒருத்தன் இருந்தான்."

"அடப்பாவமே, எப்போ தவறினாரு?"

"தவறல. நல்லாத்தான் இருக்கான்."

துருவியதில் கதை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், தம்பி முதன்முதலாகத் தலைக்குச் சாயம் பூசிய நாளில், சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணன் கேட்டாராம்: "என்னடா, பூட் பாலிஷா?" அதோடு பேச்சு நின்றது.

இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தைக் கொடுத்தார் சொட்டு அக்கா. தம்பிக்கு வாசலிலேயே மருந்தை விட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தார். பஞ்சு எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றார்.

தம்பி தும்மினார். மூன்று தும்மல்.

"இன்னொண்ணு பாக்கி இருக்கே" என்றார் அண்ணன், தன்னையறியாமல்.

நான்காவதும் வந்தது.

"யாரு... அண்ணனா?"

"இல்ல. பூட் பாலிஷ் விக்கிறவன்."

தம்பி விருட்டென்று எழுந்தார். அந்தக் கோபத்திலும் கண்ணைத் திறக்கவில்லை; சொட்டு அக்கா மேல் அவ்வளவு பயம். தடவித் தடவி ஒரு கதவைத் திறந்தார். பஞ்சுச் சுருள்கள் அவர் தலையில் உருண்டன.

அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "அது அலமாரிடா."

"எனக்குத் தெரியும்."

"அப்போ உள்ளே போ."

யாரோ சிரித்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் தம்பி திரும்பி வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "கண்ணுக்கு என்ன?" என்றார்.

"புரை. ரெண்டுலயும்."

"ஆபரேஷனுக்கு யாரு கூட வரா?"

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். "இன்னும் சாயம் பூசறியா?" என்றார்.

"பார்த்தா தெரியலையா?"

"உன் முகமே தெரியலடா."

தம்பி அண்ணன் கையைத் தேடிப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். வழுக்கை, உச்சி முதல் பிடரி வரை.

"எப்போடா போச்சு?" என்றார் அண்ணன். கையை அவர் எடுக்கவில்லை.

உள்ளிருந்து டாக்டரின் மணி அடித்தது. மேசைமேல் அடுக்கியிருந்த கோப்புகளில் முதல் இரண்டும் அவர்களுடையவை. சொட்டு அக்கா அந்த இரண்டையும் உருவி, அடுக்கின் அடியில் செருகிவிட்டு, மூன்றாவது பெயரைக் கூப்பிட்டார்.