நாரணாபுரம் சாலைத் தொட்டி

பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது ஜைத்தூன் பீவியின் ஒரே மகன் நாகூர்மீரான் தீப்பற்றிய உடம்போடு வெளியே ஓடி வந்தான். மேலே ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் அங்கே இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. கூட இருந்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அவனோடு வேலை பார்த்த ஊர்க்காவலன் என்பவன் இதை ஜைத்தூனிடம் வந்து சொன்னான்.

தையல் மிஷினை மிதித்து மகனை வளர்த்த விதவை அவள். மகன் சாவுக்கு நிவாரணப் பணம் வந்தபோது அதில் ஒரு பருக்கை தின்ன அவளுக்கு மனசில்லை. அதை என்ன செய்யலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டாள்.

"மவுத்தானவங்களுக்கு நிக்காம நன்மை போய்ச் சேர்றது சதக்கத்துல் ஜாரியாங்கற தர்மந்தாம்மா. பள்ளியில தொழ வர்றவங்க கைகால் கழுவி ஒளு செய்யத் தொட்டி கட்டிக் கொடுங்க."

"பள்ளியில தண்ணி இருக்கு ஹஜ்ரத். எம்புள்ள செத்த இடத்துலதான் இல்ல."

மறுநாள் ஹஜ்ரத்தே போய் நிலக்காரர் சங்கரபாண்டியனிடம் இடம் கேட்டார். கம்பெனிகளை ஒட்டிக் கிடந்த தன் காட்டின் ஒரு மூலையை அவர் சும்மாவே கொடுத்தார். நிவாரணப் பணத்தில் போர் போட்டு, சாலையோரம் தொட்டி கட்டி, குழாய் வைத்தார்கள். மகன் பெயரை எழுத ஜைத்தூன் ஒப்பவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் அங்கேதான் பாட்டில் நிரப்பினார்கள். பாசி பிடிக்காமல் வாராவாரம் அவளே தேய்த்துக் கழுவினாள்.

அடுத்த தீபாவளி சீசனில், அவள் தொட்டியடியில் நிற்கும்போதே பக்கத்துக் கம்பெனி வெடித்தது. எரிகிற சேலையோடு ஒரு பெண் வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். ஜைத்தூன் வாளி வாளியாக ஊற்றினாள். உள்ளே இருந்த மற்றவர்கள் வெளியே வரவில்லை.

பிழைத்தவள் பெயர் அழகுமீனா. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியபோது முகத்தோல் இழுத்துக்கொண்டிருந்தது, விரல்கள் மடங்கியே இருந்தன. நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு முறித்துக்கொண்டார்கள். ஜைத்தூன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள்.

"எதுக்குப் பாயம்மா என்னைய அணைச்சீக?" என்றாள் அழகுமீனா. "செத்திருந்தா எங்காத்தாவுக்கு நிவாரணமாச்சும் வந்திருக்கும். இப்பப் பாருங்க, எனக்குச் சோறூட்ட ஒரு ஆளு வேண்டியிருக்கு."

ஜைத்தூன் பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்று மிஷினில் உட்கார முடியவில்லை.

"நன்மைன்னு செஞ்சது பாவமாப் போச்சா ஹஜ்ரத்?" என்று பள்ளிவாசலில் போய்க் கேட்டாள்.



மறுநாள் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு மறுபடியும் அழகுமீனா வீட்டுக்குப் போனாள். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஜைத்தூன் ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். பிறகு தினமும் போனாள். மாதங்கள் போய் விரல்கள் பாதிக்கு நிமிர்ந்தன. தையல் சொல்லித் தரப் பார்த்தாள், ஊசி பிடிபடவில்லை.

சீசன் தொடங்கியதும் வெடிப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு அழகுமீனா கிளம்பினாள்.

"அங்கன போகாத தாயி," என்று ஜைத்தூன் கெஞ்சினாள்.

"இங்கன வேற என்ன வேல இருக்கு?"

வேன் வந்தது. படியில் காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் எண்ணெ தேய்க்க வருவீகள்ல?"

"வருவேன்," என்றாள் ஜைத்தூன்.