செம்பில் போட்ட மூன்று சீட்டுகள்

1978 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறேகாலுக்கு முதல் பூசை. எட்டு மணிக்கு இட்லி. ஒன்பதுக்கு அப்பா சைக்கிளைத் துடைத்தார்; நான் கிழிந்த பனியன் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பத்தரைக்கு அம்மா தங்கச்சிப் பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். இவை என் முதல் நாட்குறிப்பில் இந்த வரிசையிலேயே இருக்கின்றன. அப்போது எனக்குப் பத்து வயது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

பாப்பா பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாலை நான்கு மணிக்கு ஞானஸ்நானம். பெயர் மட்டும் முடிவாகவில்லை.

பெரிய அத்தை தீர்மானமாக இருந்தார். அவர் அப்பாவின் அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிரசவத்துக்கு உதவ வந்திருந்தார். சின்ன அத்தை பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்தபோது, இந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு அமலோற்பவம் என்று அவள் பெயரையே வைப்பதாகப் பெரிய அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் தப்பித்தேன்.

அம்மாவுக்கு வேறு எண்ணம். பாப்பா மாதம் நிறையாமல் பிறந்தவள். பிறந்ததும் அழவில்லை. பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்ட அயர்லாந்து சிஸ்டர்தான் மடியில் போட்டு, முதுகைத் தேய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதி அழவைத்தவர். அதன்பின் இரண்டு நாள் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. முப்பது வருடம் இந்த ஊரில் இருந்த அவரை, வயதாகிவிட்டது என்று மடத்தில் அயர்லாந்துக்கே திருப்பி அனுப்ப இருந்தார்கள். புதன்கிழமை ரயில். அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்றாள் அம்மா. மடத்தில் கொடுத்த பெயர் அல்ல, பிறந்த வீட்டில் வைத்த பெயர்.

அதைக் கேட்டு வர என்னைத்தான் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அப்பாவோடு பஸ்ஸில் போனேன். ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். ஆனி மாதக் காற்று. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் உப்பி உப்பி அடங்கின. அவற்றுக்கு நடுவில் நின்றிருந்த சிஸ்டர், நான் கேட்டதும் சிரித்தார்.

"அது எதுக்குக் கண்ணு? மடத்துல சேர்ந்த அன்னைக்கே வாசல்ல விட்டுட்டு வந்த பேரு."

"அம்மா கேட்டாங்க, சிஸ்டர்."

வெகுநேரம் மலைக்கோட்டையையே பார்த்தார். பிறகு, அங்கே நிற்கும் யாரையோ கூப்பிடுவதுபோல, "ரோஷீன்" என்றார். சின்ன ரோஜா என்று அர்த்தமாம். எப்போதும் மழை பெய்யும் ஒரு ஊரில், அடுப்படியில் நின்றபடி அவருடைய அம்மா அப்படிக் கூப்பிடுவாராம். அந்த அம்மா இறந்த செய்தி தபாலில் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்ததாம். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

அன்று மாலை அத்தை எனக்குத் தலை பின்னும்போது இதையெல்லாம் ஒப்பித்தேன்.

"கடைசியா மூஞ்சியக்கூடப் பாக்கலையா?"

"இல்லையாம் அத்தை."

சீப்பு என் தலையிலேயே நின்றது. பிறகு வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னிவிட்டு, "போ, விளக்கேத்து" என்றார்.

ஆனால் ஞாயிறு பதினோரு மணியாகியும் அத்தை இறங்கி வந்தபாடில்லை.

"அவ கையப் பிடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன் தம்பி. நானா அத உடைக்க முடியுமா?"

"உங்க சத்தியத்த நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. ஆனா இந்தப் புள்ளைக்கு மூச்சு வந்தது அவங்க வாயாலதான்" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

"ரெண்டும் வேணாம். ஸ்டெல்லான்னு வச்சிடலாமே?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்பா சைக்கிள் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

கடைசியில் திருவுளச்சீட்டு என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் தீராத வழக்குகளுக்கு அதுதான் தீர்ப்பு. எழுதிச் சுருட்டி, மாதா படத்தின் முன் செம்பில் போட்டு, குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வருவது ஆண்டவர் சித்தம். பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது.

"அக்கா, மூணு பேரையும் நீயே எழுது. அப்புறம் குறை சொல்லாதே" என்றார் அப்பா.

அத்தை உள்ளே போய் எழுதிச் சுருட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் முழந்தாள்படியிட்டோம். தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தேன். அப்பா பிரித்து வாசித்தார்: "ரோஷீன்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை உரக்க அழுதார். "ஆண்டவரே தடுத்துட்டாரு, நான் என்ன பண்ணுவேன் அமலு" என்றார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு விரைந்தார்.

அன்று காற்று பலமாக இருந்தது. சிறிது நேரம் கழித்துக் கை கழுவப் பின்பக்கம் போனேன். அத்தை வேலிக்கு அப்பால் எறிந்த சீட்டுகள் இரண்டும் திரும்பி வந்து வேப்பமரத்தடியில் உருண்டுகொண்டிருந்தன. குப்பை கிடந்தால் எடுப்பது அப்போதே என் பழக்கம். எடுத்தேன், பிரித்தேன். ஒன்றில் ரோஷீன். மற்றதிலும் ரோஷீன். கரும்பலகையில் எழுதுவதுபோல முத்து முத்தான எழுத்து.

எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. அழுகையும் கவலையுமாக எழுதியதில் தவறிப்போய் ஒரே பெயரை மூன்று முறை எழுதிவிட்டார். டீச்சராக இருந்தும் இப்படி! வெளியே தெரிந்தால் அப்பா கேலி செய்வார். சீட்டுகளை நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். "அத்தை தப்பாக எழுதிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நான்கு மணிக்குக் கோவிலில், "இந்தப் பேருல எந்தப் புனிதை இருக்காங்க?" என்று சாமியார் தயங்கினார்.

அம்மா வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ரோஜான்னு அர்த்தம் சாமி. புனித ரோஸ் இருக்காங்களே, அவங்க பேருதான்."

தலையில் தண்ணீர் விழுந்தது. சாமியார் பெயரைச் சொன்னார். கடைசித் தூணருகே குனிந்து நின்றிருந்த சிஸ்டர், அடுப்படியிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. அத்தை பாப்பாவை வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார். மேல் ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் மூன்று பேரும் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் தெரிந்தார்கள்.

அத்தை சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்பவர். அந்தச் சனிக்கிழமையும் செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன பாவம் சேர்ந்துவிடும்? ஆனாலும் மறுநாள், ஜூலை 10, திங்கட்கிழமை, காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பி, முகம்கூடக் கழுவவிடாமல் கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். சாமியார் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தை நேரே போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாள்படியிட்டார்.