பிரேக் பேடு விஜயகுமாரி

பழைய பிரேக் பேடை இரண்டு விரலால் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கிறார் விஜயகுமாரி. கட்டைவிரல் நகத்தால் தேய்ந்த பரப்பைச் சுரண்டுகிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தவரின் முகத்தையே பார்க்கிறார். "வண்டியில யாரு யாரு போவீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சாமான் வாங்க வந்த இடத்தில் இதென்ன குடும்ப விசாரணை என்று புதியவர்கள் விழிப்பார்கள். பழகியவர்கள் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிறது அந்த உதிரிபாகக் கடை. பெயர்ப்பலகையில் முதலாளி உலகநாதனின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து செய்யூர் வரை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் 'விஜயாக்கா கடை' என்றால்தான் தெரியும். முதலாளிக்கும் அதில் வருத்தமில்லை. தன் சொந்தக் காருக்கு ஒரு பல்பு வேண்டுமென்றாலும் அவர் வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கம் வந்து நின்று விஜயகுமாரியிடம் கேட்டுத்தான் வாங்கிப் போகிறார்.

விஜயகுமாரி செய்யூர் பக்கம் வேர்க்கடலை பயிரிடுகிற வீட்டில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் பில் அடிக்கிற வேலைக்கு வந்தார். கண்ணால் பார்க்காத பொருளுக்கு பில் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், அலமாரியில் இருக்கிற பெட்டியைப் பிரித்து, இது எங்கே மாட்டுவது, எதற்காக என்று கேட்டுவிட்டு வந்து அடித்தார். பில் தாமதமாகிறது என்று ஆரம்பத்தில் திட்டு வாங்கியிருக்கிறார். இருபத்தோரு வருஷம் ஆகிறது. இப்போது கவுன்ட்டரே அவருடையது.

பேடு பெட்டி எது வந்தாலும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே பொடி உதிர்கிற சத்தம் கேட்டால் அந்தப் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். வாடிக்கையாளர் யாராவது "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டால் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலும் கார் கிடையாது. பஸ்ஸில்தான் வருகிறார், போகிறார். யாராவது அதைக் கிளறினால் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "ஓட வைக்கிறதுக்கு ஆயிரம் பேர் கீறாங்க சார். நிக்க வைக்கத்தான் நான் கீறேன்."

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலைக் கூட்டத்தில் உப்பிலி வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், நாவலூரில் கணினி வேலை. ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி ஒன்று வைத்திருந்தார். மறுநாள் விடியற்காலை குடும்பத்தோடு திருமலைக்குப் புறப்பாடு, அண்ணன் குழந்தைக்கு முடி இறக்க வேண்டும். வண்டியில் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்று மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரியில் இருக்கிற மணியின் ஷெட்டில் விட்டிருந்தார். பேடு மாற்ற வேண்டும் என்று மணி சொல்ல, நல்லதாகத் தானே வாங்கி வருவதாக மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்திருந்தார். கையில் ஒரு காகிதம். ஒன்பது கம்பெனி பேடுகளை ஒப்பிட்டு, கட்டம் போட்டு, மதிப்பெண் கொடுத்திருந்தார். முதல் இடம் பெற்றது ஒரு செராமிக் பேடு, இருப்பதிலேயே விலை கூடியது.

விஜயகுமாரி அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழே வரை பொறுமையாகப் படித்தார். பழைய பேடு எங்கே என்று கேட்டார். அது வண்டியிலேயே இருக்கிறது என்றார் உப்பிலி. அந்த மாடலில் வருஷத்தின் நடுவில் பேடின் அளவை மாற்றிவிட்டார்கள், சேசிஸ் நம்பர் இல்லாமல் தரமாட்டேன் என்று இவர் சொல்லிவிட, உப்பிலி வீட்டுக்குப் போன் போட்டார். அவருடைய அம்மா பர்வதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து பதினேழு எழுத்தையும் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். இவர் திருப்பிச் சொல்ல, அவர் சரிபார்த்தார்.

பிறகு இரண்டு பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கையிலும் ஒரு பேடை வைத்துக் கொடுத்தார் விஜயகுமாரி. செராமிக் சத்தம் போடாது, சக்கரத்தில் கறுப்புத் தூசி படியாது, தனியாக ஆபீஸ் போய் வருகிறவருக்கு அருமையான சரக்கு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஏழு பேர், மேலே மூட்டை, மலையிறக்கம். அந்தப் பாரத்துக்கும் அந்தச் சூட்டுக்கும் கணக்குப் பார்த்து வண்டிக் கம்பெனியே போட்டு அனுப்பிய ரகம்தான் சரி என்றார். அது விலை குறைவாயிற்றே என்று உப்பிலி இழுத்தார்.

"வெலையப் பார்த்து வாங்கறதுக்கு இது இன்னா பட்டுப்பொடவையா சார்? அம்மா பின்னாடி உக்காந்துகினு வருவாங்க இல்ல, அவங்கள நெனச்சு வாங்குங்க."

உப்பிலி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பேடைக் கொடுக்கும்போது விஜயகுமாரி ஒரு நிபந்தனை போட்டார். கழற்றிய பழைய பேடுகளை, எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று வரிசையாக வைத்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

படம் பகல் ஒன்றரைக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். வலது முன்சக்கரத்துப் பேடு இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. இடது சக்கரத்தில் வெளிப்பக்கத்துப் பேடு பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கத்துப் பேடு தகடு வரை தேய்ந்துபோயிருந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வி, 'பின்' என்கிற இரண்டு கம்பிகளின் மேல் நகர்ந்து கொடுக்க வேண்டும். அந்தப் பின் துருவேறி இறுகிவிட்டால் ஒரு பேடு மட்டும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். புதுப் பேடு போட்டாலும் அதேதான். மலையிறக்கத்தில் அந்தச் சக்கரம் நெருப்பாகக் கொதிக்கும், பிரேக் கைவிட்டுவிடும்.

போன் செய்தார். புதுப் பேடு மாட்டியாகிவிட்டது, ஓட்டியும் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் உப்பிலி. இவர் விளக்கினார். "மணி இருபது வருஷமா ஷெட் வெச்சிண்டிருக்கார். நீங்க கடையில உக்காந்துண்டு ஒரு போட்டோவைப் பார்த்து எப்படிச் சொல்றேள்?" என்று அவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது.

வண்டி சாயங்காலம்தான் ஷெட்டிலிருந்து கிளம்பும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனை வைத்தார். அலமாரியிலிருந்து அந்த வண்டிக்கான புதுப் பின் கம்பிகளையும் கிரீஸ் டியூபையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். முதலாளியைக் கவுன்ட்டரில் உட்காரச் சொல்லிவிட்டு, செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ் என்று ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. தான் சொன்னது தப்பாக இருந்தால்? கடற்கரைச் சாலை நெடுகிலும் மணிக்கு ஆட்கள் உண்டு. விஜயாக்கா ஷெட்டுக்கே வந்து மூக்குடைபட்டுப் போனாள் என்று ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். கல்பாக்கம் வரை அந்தப் பேச்சு போகும். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

ஷெட்டில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பர்வதம் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். உப்பிலி தன் பையனையும் அம்மாவையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்விட்டு, அப்போதுதான் வண்டியை எடுக்க வந்திருந்தார். மணி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்தார்.

"இன்னாக்கா, நம்ம வேலையில கொறை கண்டுபிடிக்க இம்மாந்தூரம் வந்துகினுகீற?"

"கொறை சொல்ல வரல மணி. முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி ஒரு சுத்து சுத்திக் காட்டு. நல்லா சுத்துச்சுன்னா ஒரு டீ குடிச்சிட்டு நான் பாட்டுக்குப் பூடறேன்."

பர்வதமும் பையனும் இறங்கி நிற்க, மணி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளினார். உப்பிலி பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டார். வலது சக்கரத்தை மணி ஒரு தட்டுத் தட்ட, அது தானாக நான்கு சுற்றுச் சுற்றி நின்றது. இடது சக்கரத்தைத் தட்டினார். அரைச் சுற்றுகூட வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். உர்ரென்ற சத்தத்தோடு கால் சுற்று நகர்ந்தது.

மணி சக்கரத்தைக் கழற்றினார். மேலே இருந்த பின் கம்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, முறுக்கி இழுத்த பிறகு செக்கச்செவேலென்று துருவோடு வெளியே வந்தது. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று விஜயகுமாரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடற்கரை மணலில், பையன் அலையில் ஆடி முடிக்கிற வரைக்கும் என்றார் உப்பிலி. உப்புக்காற்று செய்த வேலை. மணி அந்தப் பின்னை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாட்டும்போதே டைட்டாத்தான் இருந்துச்சுக்கா. நெம்பி உக்கார வெச்சிட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் பார்த்திருக்கணும்."

விஜயகுமாரி கைப்பையைத் திறந்து புதுப் பின்களை எடுத்து நீட்டினார். வலது பக்கத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துவிடச் சொன்னார். உப்பிலி தானே போய் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பியவரை பர்வதம் விடவில்லை. வண்டிக் கதவைத் திறந்து, முன்னால் உட்காருங்கோ, செங்கல்பட்டு வரைக்கும் கொண்டுவிடுகிறோம் என்றார். தயங்கிய விஜயகுமாரியிடம், "முப்பத்தாறு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கேன். இவ்வளவு கவனமா ஒரு விடையை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை" என்றார். விஜயகுமாரிக்குக் காது சூடாகிவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் மாடும் ஆட்டோவும் குறுக்கே வந்தன. ஏரிக்கரையில் ஒரு டிராக்டர் சட்டென்று திரும்பியது. ஒவ்வொரு தடவையும் வண்டி நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. செங்கல்பட்டு பஸ் நிலையம் வந்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கருங்குழி வழியாகப் போகிற மதுராந்தகம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உப்பிலி இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட்ட விஜயகுமாரி பஸ் பக்கம் போகவில்லை. வண்டிக்கு முன்னால் குனிந்து, இடது சக்கரத்தின் மேல் புறங்கையை வைத்தார். சுற்றிப் போய் வலது சக்கரத்தின் மேல் வைத்தார். மறுபடி இடது பக்கம் வந்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடாக இருந்தன. கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸை நோக்கி நடந்தார்.